யார் வீட்டுக்கு

ஆவாரங்காட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் விமான நிலையம் கட்டியபோது வீடுகளுக்கு எண் போட்டார்கள், வேம்புகளுக்கும் பனைகளுக்கும் எண் போட்டார்கள், கிணறுகளையும் மாட்டுத் தொழுவங்களையும் அம்மன் கோயில் மணியையும் காகிதத்தில் எழுதிக்கொண்டார்கள். அறுபத்து நாலு வீட்டுக்காரர்களும் பதினோரு கிலோமீட்டர் தள்ளி, முத்தாலங்கோட்டைக்குத் தெற்கே வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகளுக்குப் பெட்டி, படுக்கை, கோழிக்கூண்டோடு போய்ச் சேர்ந்தார்கள். அம்மிக்கல்லைக்கூட விடாமல் எடுத்துப் போனவர்கள், வழியில் யார் வந்தாலும் நிறுத்திக் கேட்கிற அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுக்காமல் விட்டுவிட்டார்கள். அது சாலையிலேயே நின்றுவிட்டது.

முதல் விமானம் இறங்கிய அன்று வாசலில் பதினான்கு கார்கள் காத்திருந்தன. கழுத்தில் மாலையோடு ஏறியவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு, அரை மணியில் ஊர் வந்துவிடும் என்று சாய்ந்து உட்கார்ந்தார்கள். முத்தாலங்கோட்டை 4 என்று எழுதிய கல் வந்தது, போனது, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கல் வந்தது, மத்தியானம் வந்தது, சாயங்காலம் வந்தது, கல் மட்டும் வந்துகொண்டே இருந்தது, ஊர் வரவில்லை. பெட்ரோல் தீர்ந்து ஒவ்வொரு காராக நின்றபின் கதவைத் திறந்து இறங்கியவர்களைப் பார்த்து, கருவேலங்காட்டிலிருந்து ஒரு பெண்குரல், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே தலையை நிமிர்த்திக் கேட்பதுபோல, "யார் வீட்டுக்குப் போறிய?" என்று கேட்டது. பசியில் இருந்த ஒருவர், "டாக்டர் சிவஞானம் வீட்டுக்கு. இப்ப அதுக்கு என்னங்கிறிய?" என்று எரிந்து விழுந்தார். அடுத்த வளைவில் ஊரின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

இதற்காக முத்தாலங்கோட்டையில் யாரும் பெரிதாக ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. யார் வீட்டுக்குப் போகிறோம் என்று தெரியாமலே ஒரு ஊருக்குக் கிளம்பி வருகிறவர்கள் இருக்கிறார்களே என்பதுதான் அவர்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. கார்க்காரர்கள் கார்களை விற்றுவிட்டு ஷேர் ஆட்டோ வாங்கினார்கள், ஏனென்றால் பக்கம் திறந்த வண்டியில்தான் கேள்வி காதில் விழும். விமான நிலையத்தின் வெளிவாசலில் நீல நிறப் பலகை ஒன்று வந்தது. "முத்தாலங்கோட்டை செல்வோர் கவனத்துக்கு. கார் வசதி இல்லை. செல்லும் வீட்டின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளவும்." சங்கிலி பிடித்து அளந்து பார்க்க வந்த அதிகாரி ஒருவர், அந்த ஊரில் எவர் வீட்டுக்கும் போயிராதவர், இரண்டு நாள் சாலையிலேயே கிடந்து, கடைசியில் இட்லிக் கடை செல்லம்மாளின் பெயரைச் சொல்லிக் கரையேறினார். சொன்ன வீட்டுக்குப் போய் வாசற்படி தாண்டி ஒரு செம்பு தண்ணீராவது குடிக்க வேண்டும், போகிற எண்ணம் இல்லாமல் சும்மா பெயரைச் சொன்னால் கல் திரும்பி வந்துவிடும் என்பது அவர் மூலமாகத்தான் தெரிந்தது. அதிலிருந்து மருந்துக் கம்பெனிக்காரர்கள், வங்கிக்கு மாற்றலாகி வந்தவர்கள், இன்சூரன்ஸ்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வீட்டைப் பேசி வைத்துக்கொண்டார்கள். செல்லம்மாளுக்கு மட்டும் பத்தொன்பது பேர். அவள் நடுவீட்டில் இரண்டு குடம் கூடுதலாக வைத்தாள்.

ஊரிலிருந்து விமான நிலையத்துக்குப் போகிறவர்களை அந்தக் குரல் ஒன்றும் கேட்பதில்லை. போகிறவர்களுக்கு எப்போதும் பதினோரு கிலோமீட்டர்தான்.

சாலை இப்படி ஆகி மூன்றாம் வருஷம், ஆவணி மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில், காலை ஏழு இருபதுக்கு மஸ்கட்டிலிருந்து செண்பகவடிவு வந்து இறங்கினாள். நாற்பத்தாறு வயது. அங்கே ஒரு பள்ளி விடுதியின் சமையற்கட்டில் ஒன்பது வருஷமாக வேலை. தம்பி நம்பிராஜனுக்கு அன்று கல்யாணம், முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. அவர்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை தாலியின் முதல் முடிச்சைத்தான் போடுவான், மற்ற இரண்டு முடிச்சையும் நாத்தனார்தான் போட வேண்டும். புருஷனை இழந்தவள் எப்படிப் போடலாம் என்று சொந்தத்தில் நாலு பேர் முணுமுணுத்தார்கள். முன்னால் நின்று முணுமுணுத்தது கோமதி அத்தை. நம்பிராஜனுக்கு முப்பத்தொன்பது முடிந்திருந்தது, இனித் தள்ளிப்போட வயதில்லை, ஆனாலும் அவன், "எங்கக்கா கையால முடிச்சு விழுந்தாத்தான் தாலி. இல்லேன்னா நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டான். கடைசியில் அத்தை இறங்கி வந்து ஒரு கணக்குச் சொன்னாள். "பத்தரைக்குள்ள வந்துட்டா அவ போடட்டும். வராட்டா எம் மருமக போடுவா, அவளும் தங்கச்சி முறைதான். நேரத்தைத் தப்பவிட்டு எவனும் தாலி கட்ட முடியாது." அத்தையின் மருமகள் முந்தின நாளே பட்டுச்சேலைக்கு மடிப்பு எடுத்து வைத்துவிட்டாள்.

வடிவு வெளியே வந்து பலகையைப் படித்தாள். அதைப் பற்றித் தம்பி போனில் சொல்லியிருந்தான். அவளுக்கு அதில் பயம் இல்லை. பிறந்த ஊர், நூறு வீட்டைச் சொல்லலாம்.

மாசானமுத்துவின் ஷேர் ஆட்டோவில் அவளோடு இரண்டு பேர் ஏறினார்கள், பம்பாயில் மகனைப் பார்த்துவிட்டு வந்த ஒரு பெரியவர், தோள்பையோடு ஒரு மருந்துக் கம்பெனிக்காரர். மாசானமுத்துவே ஆவாரங்காட்டுக்காரன். ஓடுபாதையின் நடுவில் வெள்ளைக் கோடு போகிற இடத்தில்தான் தன் வீட்டு அடுப்பு இருந்தது என்று, பருவம் தப்பிய மழையைப் பற்றிப் பேசுகிற குரலில், ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்வான்.

நாலாம் கல் வந்தது. வண்டியை அவன் மெதுவாக்கினான்.

"யார் வீட்டுக்குப் போறிய?" என்றது குரல்.

"எங்க வீட்டுக்குத்தான். மேலத்தெரு தானப்பன் வீடு" என்றார் பெரியவர்.

"செல்லம்மா வீட்டுக்கு" என்றார் மருந்துக்காரர். "ரெண்டு இட்லியும் உண்டு."

"தளவாய் வீட்டுக்கு. அவுக மகதான் நான்" என்றாள் வடிவு.

வண்டி வளைவில் திரும்பியது. முத்தாலங்கோட்டை 4.

இரண்டாம் முறை கேட்டபோது "நம்பிராஜன் வீட்டுக்கு" என்றாள். மூன்றாம் முறை "கல்யாண மண்டபத்துக்கு" என்றாள். "மண்டபம் யாரு வீடு?" என்று கேட்டது குரல். நாலாம் முறை பெரியவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "ஏம்மா, நெசத்தைச் சொல்லிப்புடேன். எனக்கு சுகர் மாத்திரை போடணும்" என்றார். அவள் கைப்பையைத் திறந்து மூடி, திறந்து மூடி, கடைசியில் உண்மையைச் சொன்னாள்.

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல லாட்ஜுல ரூம் போட்டிருக்கேன். அங்கதான் போறேன்."

குரல், கேட்பதற்கே கூச்சப்பட்டதுபோலத் தணிந்து, "லாட்ஜு யாரு வீடு தாயி?" என்றது.

மருந்துக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தார். மாசானமுத்து இன்ஜினை நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்தான். "யக்கா, தப்பா நினைக்கக்கூடாது. கல்யாணத்துக்கு வந்துருக்கியன்னு தெரியுது. எங்க வீட்டைச் சொல்லிக்கிடுங்க. வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போங்க, முடிஞ்சுது."

"குடிக்க மாட்டேனே" என்றாள் வடிவு. அவளுக்கே தன் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "நான் உங்க ஊர்ல எந்த வாசற்படியும் ஏற மாட்டேன். அதான் அதுக்குத் தெரிஞ்சு போச்சு."

அதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால், புருஷன் போன மூன்றாம் மாதம், கோமதி அத்தையின் பேரனுக்குப் பெயர் வைக்கிற விசேஷத்துக்கு வெள்ளிக் கிண்ணம் ஒன்று வாங்கிக்கொண்டு போனாள். அத்தை நிலையில் கைவைத்து மறித்துக்கொண்டு, கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னாள், "இன்னைக்கு ஒரு நாள் உள்ள வரவேண்டாம்ட்டி, நாளைக்கு வா, சாவகாசமாப் பேசுவோம்." வடிவு கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அந்தத் தெருவைக் கடக்கிறதற்குள், இனி இந்த ஊரில் எவர் படியும் மிதிப்பதில்லை என்று முடிவாகிவிட்டது. தம்பி வீட்டில் அதற்குப் பின் இருந்த நாட்களிலும் கொல்லைப்புற வழியாகவே வந்து, கொல்லைப்புற வழியாகவே போனாள். தம்பி அதைக் கவனிக்கவே இல்லை. ஆண்பிள்ளைகள் வாசலைக் கவனிப்பதில்லை.

மணி எட்டே முக்கால். "நான் இறங்கிக்கிடுதேன்" என்றாள்.

"வெயில்ல எங்க போவிய?"

"நடப்பேன். என்னால இவுக ஏன் நிக்கணும்?"

அவள் இறங்கியதும் வண்டி கிளம்பி வளைவில் திரும்பியது. திரும்பின இடத்தில் ஊர் வந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக, மாசானமுத்து தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அடிக்கிற ஹாரன் ஒருதரம் கேட்டது. அவளும் வேகமாக நடந்து அதே வளைவைத் திரும்பினாள். கருவேலம், கருவேலம், ஒரு கல், முத்தாலங்கோட்டை 4.

நடந்தாள். பெட்டியின் சக்கரம் தார் ரோட்டில் கடகடவென்று பின்னால் வந்தது, செருப்பு வியர்வையில் வழுக்கியது, பட்டுச்சேலையைக் கொசுவி இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். நின்றால் நேரமும் தன்னோடு நின்றுவிடாது என்று தெரிந்ததால் நிற்காமல் நடந்தாள், கல்லைத் தாண்டினாள், கல்லைத் தாண்டினாள். தலைக்கு மேலே அவள் வந்த விமானமே வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போனது. ஒவ்வொரு முறையும் குரல் சலிக்காமல் கேட்டது, அவளும் சலிக்காமல் சொன்னாள், பள்ளிக்கூடத் தோழி வீடு, பால்காரர் வீடு, செத்துப்போன மாமியார் வீடு, பூட்டிக் கிடக்கிற தபால்கார அண்ணாச்சி வீடு. ஒன்றும் பலிக்கவில்லை.

ஒன்பதரைக்குத் தம்பி போன் செய்தான். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"எங்கக்கா இருக்க?"

"நாலாம் கல்லுல நிக்கேன்."

"நாலு கிலோமீட்டர்தான? வீட்டுப் பேரைச் சொல்லிட்டு வாயேன்."

"சொல்லியாச்சுடே. இருக்கிற வீட்டையெல்லாம் சொல்லியாச்சு."

அவளே, "அத்தை மருமகளைப் போடச் சொல்லு. நல்ல நேரம் போயிரும். அந்தப் பிள்ளை எவ்வளவு நேரம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருப்பா?" என்றாள். இதைச் சொல்லிவிட்டால் மனம் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். அடங்கவில்லை. பத்து வருஷமாக ஒரு படியும் ஏறாத கால் இந்த ஒரு முடிச்சுக்காக எத்தனை கடலைத் தாண்டி வந்தது என்று நினைக்க நினைக்க, போனைப் பிடித்திருந்த விரல்கள் தாமாகவே காற்றில் ஒரு நூலைச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தன.

மண்டபத்தில் நடந்ததைப் பிற்பாடுதான் அவளுக்குச் சொன்னார்கள். மணப்பெண் ஆவுடைச்செல்வி, முப்பத்து மூன்று வயது, ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள், தலையை நிமிர்த்தி, "உங்கக்கா என்ன சொல்லுதாக?" என்று கேட்டாளாம். நாலாம் கல்லில் நிற்கிறாள் என்று தெரிந்ததும், "அவுக வர முடியலேன்னா நாம போவோம். போறவங்களை அது ஒண்ணும் கேக்காது" என்று மாலையோடு எழுந்துவிட்டாளாம். அவளும் ஆவாரங்காட்டுக்காரிதான், வேம்பு எண் நாற்பத்தேழுக்குக் கீழே பிறந்தவள். கோமதி அத்தை, மணையை விட்டு எழுந்த பெண்ணை உலகத்திலேயே பார்த்ததில்லை என்றாள். ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "முகூர்த்தம் நேரத்துக்குத்தான் வச்சிருக்கோம், இடத்துக்கு இல்லை. ஆனா சீக்கிரம் வண்டியை எடுங்க" என்றார்.

பத்து பத்துக்கு எதிர்த்திசையிலிருந்து ஒரு மினி பஸ், ஜன்னல் எல்லாம் திறந்து, வாழைக்கன்று முன்னால் ஆட, மேளத்தோடு வந்து நின்றது. தம்பி இறங்கினான், பெண் இறங்கினாள், தாலித் தட்டோடு ஐயர் இறங்கினார், தவில்காரர் வாரை மாட்டிக்கொண்டே இறங்கினார். வடிவு வியர்த்துக் கறுத்துப் போய், ஒரு கையில் பெட்டியோடு நின்றாள்.

"என்ன மைனி, இவ்வளவு தூரத்தையும் நடந்தே தேய்ச்சிட்டியளா?" என்றாள் ஆவுடை. பிறகு கருவேலங்காட்டைப் பார்த்து, "வீட்டுக்கு வந்தவுகளை இப்படியா வெயில்ல நிக்க வச்சு விசாரிப்பிய?" என்றாள்.

கல்லின் மேல் துண்டை விரித்து ஐயர் தட்டை வைத்தார். நம்பிராஜன் முதல் முடிச்சைப் போட்டான். கெட்டிமேளம் அந்த வெட்டவெளியில் சுவர் எதுவும் இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது. வடிவு விரலைச் சேலையில் துடைத்துவிட்டு, குனிந்திருந்த கழுத்துக்குப் பின்னால் மஞ்சள் கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்து, இரண்டாவது முடிச்சைப் போட்டு, இறுக்கி, மூன்றாவதையும் போட்டு இறுக்கினாள். அப்போது கருவேலங்காட்டுக்குள்ளிருந்து குலவை எழுந்தது. ஒரு தொண்டை இல்லை, அறுபத்து நாலு வீட்டுத் தொண்டை. தவில்காரர் அதற்கும் சேர்த்து வாசித்தார். மணி பத்து இருபத்து மூன்று.

எல்லாரும் பஸ்ஸில் ஏறினார்கள். வடிவு ஏறவில்லை.

"நீங்க போங்க. நான் இருந்தா உங்களுக்கும் ஊர் வராது."

"சும்மா ஏறுங்க மைனி."

"சொன்னாக் கேளு ஆவுடை. எனக்குச் சொல்ல ஒரு வீடு இல்ல."

பெண் மறுபடியும் இறங்கி வந்தாள். அவள் இறங்கியதும் குரல் கேட்டது, இந்த முறை அவளைத்தான். "நீ யார் வீட்டுக்குப் போற பிள்ள?"

"செண்பகவடிவு மைனி வீட்டுக்கு."

"அவளுக்கு ஏது வீடு? இப்பத்தான் அவ வாயாலயே சொன்னா."

"அப்ப எனக்கும் இல்ல. அவுக ஏறாத படியில நான் மட்டும் எப்படி வலது காலை எடுத்து வைக்கது? ரெண்டு பேரும் இங்கனயே இருந்துக்கிடுதோம். நீங்களும் பேச்சுக்கு ஆள் இல்லாமத்தான கிடக்கிய?"

குரல் வடிவின் பக்கம் திரும்பியது. திரும்பியது என்பது எப்படித் தெரியும் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

"நீ சொல்லு. யார் வீட்டுக்குப் போற?"

வடிவு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். கழுத்து மஞ்சளும் வியர்வையுமாகக் கலங்கி, மாலையில் பாதிப்பூ உதிர்ந்து, தார் ரோட்டில் வெறுங்காலோடு சூட்டுக்குக் கால் மாற்றி மாற்றி நின்றாள், ஆனால் ஏறுகிற உத்தேசம் அவளிடம் இல்லை. பிறந்த வீட்டின் மேல் விமானம் ஓடுகிறது, புகுந்த வீட்டை அவள் இன்னும் பார்க்கவில்லை.

"இவ வீட்டுக்கு" என்றாள் வடிவு. சொன்ன பிறகுதான் அது பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

இருவரும் ஏறிக்கொள்ள, பஸ் முதல் வளைவைத் திரும்பியது, திரும்பின இடத்தில் தண்ணீர்த் தொட்டி இல்லை, பஜார் இல்லை, மண்டபமும் இல்லை. நேராக நடுத்தெருவில், தளவாய் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டிருந்தது சாலை. மற்றவர்களை ஊர் எல்லையோடு விட்டுவிடும், இவர்களை மட்டும் வீடு வரைக்கும் கொண்டுவந்துவிட்டது, அதற்கு மண்டபத்தில் ஐந்நூறு இலை போட்டிருப்பது தெரியாது. கதவில் பூட்டுத் தொங்கியது. தெருவே மண்டபத்தில் இருந்தது.

போன் செய்து, சாவியோடு கோமதி அத்தை வந்து சேர இருபது நிமிஷம் ஆனது. ஆட்டோவிலிருந்து இறங்கியவள் யாரையும் பார்க்கவில்லை. பெண்ணின் கழுத்தை மட்டும் ஒருதரம் பார்த்தாள், முடிச்சு மூன்று என்று எண்ணிக்கொண்டாள். படியேறிச் சாவியைப் போட்டுத் திருப்பினாள். பூட்டு திறக்கவில்லை. இடமாகத் திருப்பினாள், வலமாகத் திருப்பினாள், முந்தானையால் பிடித்துத் திருப்பினாள்.

"இது என்ன பீடை. காலையில நல்லாத்தான பூட்டுச்சு."

"கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கணும் அத்தை" என்றாள் வடிவு தெருவிலிருந்து. "அப்பா காலத்துலேருந்து அப்படித்தான்."

அத்தை தூக்கிப் பார்த்தாள். அவளுக்கு அது வரவில்லை. நெற்றி வியர்த்துவிட்டது. சாவியை உருவினாள், பிறகு திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

"இந்தா. நீயே திற. எனக்கு முட்டு வலிக்கி."

வடிவு படியேறினாள். முழங்காலைக் கதவின் அடியில் கொடுத்துத் தூக்கி, சாவியை அரைத் திருப்பு திருப்ப, பூட்டு வாயைத் திறந்தது. கதவைத் தள்ளினாள். வெயிலில் நின்ற கண்ணுக்கு உள்ளே ஒரே இருட்டாக இருந்தது. தெரு மூன்று தரம் உயர்ந்ததில் வாசற்படியையும் உயர்த்திக் கட்டியிருந்தார்கள், உள்ளே தரை மட்டும் பழைய பள்ளத்திலேயே இருந்தது.

அத்தை ஆரத்தித் தட்டுக்காகப் பின்னால் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தாள். ஆவுடை வடிவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமே தெரியலையே மைனி. உள்ள படி இருக்கா?"

"இருக்கு, ரெண்டு படி கீழ இறங்கணும். ரெண்டாவது கொஞ்சம் ஆடும், பாத்து வா" என்று சொல்லிக்கொண்டே, அவளுக்கு வழி காட்டுவதற்காக வடிவு முன்னால் இறங்கினாள்.